தங்கை பெயரில் எழுதிய மனு

1

நம்மூர்ச் சட்டசபையை மறுபடியும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார்கள். கைப்பேசியைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். கடைசியில் தேசிய கீதத்துக்குச் சபையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றேன். மடியிலிருந்த கீரை தரையில் கொட்டிப்போயிற்று. ஜனக்புரியில், மூன்றாவது மாடிச் சமையல்கட்டில், எழுபத்து மூன்று வயதில், யாரும் பார்க்காத இடத்தில் நிற்கிறேன். சபை எழுந்து நிற்கும்போது உட்கார்ந்திருக்க எனக்கு வராது. கேள்வி கேட்க எழ வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருக்க, சபைக்குள் இருப்பவர்களுக்கு நன்றாக வருகிறது.

இந்த மாதத்தோடு நான் டெல்லிக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. நம் பக்கத்து மனிதர்கள் நடத்தும் இந்தப் பத்திரிகையிலிருந்து, "டெல்லி அனுபவம் எழுதுங்கள் அம்மா, குளிர், குதுப்மினார், எதுவானாலும்" என்று கேட்டிருந்தார்கள். குதுப்மினாரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குளிரைப் பற்றி எழுதினால் நம்மூரில் சிரிப்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எனக்கு எழுதத் தெரிந்தது மனு ஒன்றுதான். ஆகவே ஒரு மனுவைப் பற்றி எழுதுகிறேன். அந்த மனுவால் என் ஒரே தங்கை என்னோடு பேசுவதை விட்டு ஐந்து மாதம் ஆகிறது.

2

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது என்னோடு சரி. தங்கை சுப்புவுக்கு எழுத்து கிடையாது, தன் பெயரைக் கோணல்மாணலாகப் போடுவாள், அவ்வளவுதான். அதனால் அவளுக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் எழுதுவேன். கல்யாணமாகி டெல்லிக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. அவள் போனில் சொல்லுவாள், நான் இங்கிருந்து எழுதித் தபாலில் அனுப்புவேன், அவள் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுப்பாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, தெருக்குழாய்க்கு, அவள் வீட்டுக்காரர் போன பிறகு விதவை பென்ஷனுக்கு. கொஞ்ச காலத்தில் கையெழுத்தையும் நானே போட ஆரம்பித்தேன். "நீ போட்டா என்ன, நான் போட்டா என்னக்கா? ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளதான்" என்பாள் சுப்பு.

பேச்சில் நான் ஆகாதவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. வந்த புதிதில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மந்திரி ஆபீஸ் ஒன்றில் பியூன். ரேஷன் கார்டு எழுதுகிற இடத்துக்கு என்னைத் தனியாக அனுப்பினார். எழுதுகிறவர், "பதி கா நாம்?" என்று கேட்டார். புருஷன் பெயர் என்ன என்று கேட்கிறார் என்று புரிந்தது. புருஷன் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பெயரோடு சேரும் என்று சாமி பெயரையே வேறு மாதிரி சொல்லிக் கும்பிடுகிறவள் நான். பேசாமல் நின்றேன். அவர் மறுபடி கேட்டார், சத்தமாகக் கேட்டார், எனக்குக் காது கேட்காது என்று நினைத்துச் சைகையில் கேட்டார். வரிசையில் நின்ற பஞ்சாபிப் பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் அவருடைய பேனாவை வாங்கி, தமிழில் எழுதிக் காட்டினேன். அவர் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல் ஆனா" என்று அனுப்பிவிட்டார். நாளைக்கு வா.

நாக்கு சொல்லாததைக் கை எழுதும் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். அதுதான் என் கெட்ட காலம்.

எங்களுக்கு ஒரே மகன், சங்கர். அவனை மந்திர் மார்க்கில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். பஸ் இரண்டு மாற வேண்டும் என்று அவர் குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பள்ளியிலேயே போட்டுவிட்டார். நான் மேலே வாதாடவில்லை. வீட்டுக்காரர் ஒன்று முடிவு செய்தால் அதற்கு மேல் பேசக்கூடாது என்று வளர்ந்தவள். அது சரியான வளர்ப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. சங்கர் தமிழ் பேசுவான். படிக்க வராது. பாங்கில் பெரிய வேலையில் இருக்கிறான், தமிழ்க் காகிதத்தை அந்த ரேஷன் ஆபீஸ்காரர் மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

3

சட்டசபை பார்க்கும் பழக்கம் என் வீட்டுக்காரர் காலமான பிறகு வந்தது. டி.வி. நாடகங்களில் மருமகள் மாமியாருக்கு விஷம் வைக்கிறாள், அதை எத்தனை நாள் பார்ப்பது? சபை நடக்கும் நாளில் காலை வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கீழ் வீட்டு ஸ்டெல்லாவும் ஏறி வருவாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வருஷம் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள்.

"அம்மா, எம்.எல்.ஏ.வை விட நீதான் ரெகுலர். அட்டெண்டன்ஸ் போட்டா உனக்குத்தான் ஃபுல்" என்று சங்கர் கேலி செய்வான்.

நான் எந்தக் கட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வருகிறார்கள். மேஜையைத் தட்டுகிற கை மட்டும் மாறுவதில்லை. பேச எழுந்தவர் கால்வாசி நேரம் தலைவரைப் புகழ்கிறார், கால்வாசி நேரம் எதிராளியின் தகப்பன் தாத்தாவைத் திட்டுகிறார். மிச்ச நேரம் மணி அடித்துவிடுகிறது. ஒருமையில் பேசுகிறார்கள். கோபம் வந்தால் வெளிநடப்பு செய்து வெயிலில் நின்று மைக்கில் பேசுகிறார்கள். அதற்குச் சபை எதற்கு? கடைசி நாளில் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஆம் என்போர், இல்லை என்போர் என்று கேட்டு, பதில் வருவதற்குள் நிறைவேற்றிவிடுகிறார்கள். நான் ஒரு கட்டுக் கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் நாட்டுக்கு நாலு சட்டம் வந்துவிடுகிறது.

பழைய காலத்துப் புத்தி என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். அரசாங்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து இருக்க வேண்டும். கோயில் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். மற்றதை மனிதர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். இங்கே நடப்பது வேறு. இந்தக் கை பெண்ணுக்கு மாதாமாதம் கொடுக்கிறது, அந்தக் கை அவள் புருஷனிடமிருந்து கடையில் வாங்கிக்கொள்கிறது. புருஷன் குடிக்காமல் சம்பளத்தை வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அவளுக்கு யாரும் கொடுக்க வேண்டாமே.

சாராயம் விற்கிற துறைக்குப் பெயர் என்ன தெரியுமா? பெயரின் முதல் வார்த்தையே மதுவிலக்கு. அந்தத் துறையின் மானியக் கோரிக்கை நாளை நான் விடாமல் பார்ப்பேன். இந்த வருஷமும் பார்த்தேன். குடியைப் பற்றிப் பேச எழுந்தவர்கள் கடைசியில் காலி பாட்டிலைப் பற்றிப் பேசி உட்கார்ந்தார்கள். வயலில் கிடந்து மாட்டுக் காலைக் கிழிக்கிறதாம், திருப்பிக் கொடுத்தால் காசு கொடுப்பார்களாம். பாட்டில் கிழித்த காலைப் பேசினார்கள். பாட்டிலைக் காலி செய்தவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"கடையை மூடினா கள்ளச்சாராயம் வரும்னு மந்திரி சொல்லுதாரே அக்கா" என்றாள் ஸ்டெல்லா.

"திருடன் வருவான்னு நாமளே திருடலாமா?" என்றேன்.

"இத அங்க எந்திரிச்சுச் சொல்ல ஒரு ஆளில்ல பாருங்க. நீங்க எம்.எல்.ஏ. ஆயிருக்கணும்."

"எனக்குப் புருஷன் பேரே சொல்ல வராது" என்றேன். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

4

சுப்புவின் வீட்டுக்காரர் குடித்தே செத்தவர். கடைசியில் வயிறு வீங்கி, மஞ்சள் காமாலையில், மூன்று மாதம் கிடந்தார். அப்போது அவர்கள் மகன் செல்வராஜ் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து அலைந்த அலைச்சலுக்குக் கிடைத்த வேலை, அரசாங்கச் சாராயக் கடையில் விற்பனையாளர். அப்பனைக் கொன்றதை மகன் கம்பிக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கிறான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு சொட்டு குடிக்கமாட்டான். ஆனாலும் கடைக்காரனுக்குப் பெண் தரமாட்டோம் என்று எல்லாரும் கதவைச் சாத்திவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. போன் பேசும் ஒவ்வொரு தடவையும் சுப்புவிடம், "அவன் அந்தப் பாவப்பட்ட வேலையை விட்டுட்டானா?" என்று கேட்பேன். "பாத்துட்டு இருக்கான்க்கா" என்று பேச்சை மாற்றுவாள். இங்கே டெல்லியில் யாராவது கேட்டால், தங்கை மகன் கவர்மெண்டில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்த வருஷம் மாசி மாதம் சுப்பு போனில் ஒன்று சொன்னாள். ஊரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோட்டிலேயே கடை இருக்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால், குடிகாரன்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதால், பிள்ளைகள் ரோட்டை விட்டு இறங்கி, ஓடைக்குள் இறங்கி, கரையோரமாக வீட்டுக்குப் போகிறார்கள். "பாவாடைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையில பைய வச்சுக்கிட்டு போகுதுவக்கா. பாத்தா மனசு ஒரு மாதிரி ஆகு" என்றாள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சங்கரிடம் சொன்னேன். அவன் எங்கேயோ தேடி அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. ஆபீஸ் நம்பரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டான். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"டெல்லியில இருந்தா பேசுறீங்க? ஓட்டு எங்கம்மா இருக்கு உங்களுக்கு?"

"டெல்லியில."

"டெல்லி ஓட்ட வச்சுக்கிட்டு நாங்க என்னம்மா செய்ய? தொகுதி ஆளு யாராவது எழுதிக் குடுத்தா சார்கிட்ட வைக்கலாம். வாட்ஸப்பில அனுப்புனாலும் சரிதான்."

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். சுப்புலட்சுமி, கணவரை இழந்தவர், இந்தத் தெரு, இந்தக் கதவு எண். "என் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தேன். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் ரோடு இருக்க ஓடையில் நடக்கிறார்கள். ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ரோட்டைத் திருப்பிக் கொடுங்கள். தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்." கீழே சுப்புவின் கையெழுத்தைக் கோணல்மாணலாகப் போட்டேன். குழாய் மனுவுக்குப் போட்ட மாதிரி. அவளைக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளுக்காக எழுதி எழுதி, அவள் பெயர் என் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலை சங்கர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது காகிதத்தை நீட்டினேன்.

"ஜல்தி குடும்மா, மெட்ரோ மிஸ் ஆயிடும்." போட்டோ எடுத்தான். "அச்சா, கிளியரா இருக்கு. அனுப்பிட்டேன்." நம்பரை மட்டும் சரி பார்த்தான். மற்ற எழுத்து அவனுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால், "அம்மா, ஏன் சித்தி பேரு போட்டிருக்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். அந்த ஒரு வார்த்தை போதும், நான் நின்றிருப்பேன்.

5

அந்த எம்.எல்.ஏ. சபையில் எழுந்த நாள் ஸ்டெல்லாவும் பக்கத்தில் இருந்தாள். மனுவில் என்ன எழுதினேன் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். வெயில் ஆரம்பித்துவிட்டது, கூலரில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தோம். தொகுதிக்குப் பாலம் கேட்டார், பஸ் கேட்டார். பிறகு ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"என் தொகுதியிலிருந்து, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த ஒரு தாய் எழுதியிருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ரோட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறார்" என்று படித்தார்.

சபை கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அந்தச் சபை சத்தமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா! உங்க வரியில்லா!" என்று ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பரிசீலித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று அமைச்சர் சொன்னார். நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். ரேஷன் ஆபீசில் வாய் திறக்காமல் நின்றவளின் வார்த்தையைச் சபை கேட்டது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. மறுநாள் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு மலை மந்திர் போய், அத்தனை படியும் ஏறி, முருகனுக்கு அர்ச்சனை செய்தேன். யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்டார். சுப்புலட்சுமி என்று சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து சுப்பு போன் செய்தாள். காலை பத்து மணி இருக்கும்.

"எக்கா, நீயா எழுதுன?"

"எதை?"

"ஆபீசர் ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாவ. ஒரு தாள எடுத்து வாசிச்சாவ. இது ஒங்க மனுதானன்னு கேட்டாவ. நான் என்னத்தக் கண்டேன்? முழிச்சிட்டு நின்னேன். கடேசில பாதம் பணிஞ்சுன்னு வாசிச்சாவ பாரு, அப்பந்தான் எனக்கு வெளங்கிச்சு. பென்சனுக்கும் நீ அப்படித்தான எழுதுன."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, நாந்தான் எழுதுனேன்னுட்டேன். வேற என்ன சொல்லச் சொல்லுத? கள்ளக் கையெழுத்துன்னு ஒன்னய உள்ள தூக்கிப் போட்டுட்டா?"

எனக்கு மூச்சு வந்தது. "நல்லதுதானே சுப்பு. கடையை எடுத்துருவாங்க. பிள்ளைங்க ரோட்டுல நடக்கும்."

சுப்பு மெதுவாகச் சொன்னாள்.

"எக்கா, அந்தக் கடையிலதான் செல்வராசு நிக்கான்."

"அவன் அடுத்த ஊர்க் கடையிலல்லவா இருந்தான்?"

"ஒண்ணர வருசமாச்சு இங்க வந்து. என் காலு புண்ணுக்காவ, எழுதிப் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி மாத்திக்கிட்டு வந்தான். ஒங்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? போன எடுத்தா அந்தப் பாவப்பட்ட வேலைய விட்டானான்னுதான் கேக்க. உள்ளூரு கடைக்கே வந்துட்டான்னு சொன்னா இன்னும் என்னெல்லாம் பேசுவியோன்னு இருந்துட்டேன். பெத்த தாயே மவன் கடைக்கு எதுரா மனு போட்டிருக்கான்னு ஊரெல்லாம் சிரிக்குது. எம் புருசன் செத்தத சபையில வாசிக்கவாக்கா ஒன்னய நான் எழுதச் சொன்னேன்?"

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

6

நடவடிக்கை எடுத்தார்கள். டேப் வைத்து அளந்தார்களாம். பள்ளிக்கூட வாசல் ரோட்டிலிருந்து கடையை எடுத்து, பின்பக்கத் தெருவில், விதிப்படி எத்தனை தூரம் வேண்டுமோ அத்தனை தூரம் தள்ளி வைத்தார்கள். முன்வாசலில் இருந்த கடை பின்வாசலுக்குப் போயிற்று. செல்வராஜை நிர்வாகக் காரணம் என்று எழுதி, மாவட்டத்தின் அந்தக் கோடியில், மலையடிவாரத்துக் கடைக்கு மாற்றிவிட்டார்கள். மனு உண்மைதான் என்று ஒத்துக்கொண்ட தாயின் மகனை வேறு என்ன செய்வார்கள்?

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவன்தான். பெரியம்மா என்று கூப்பிட்டு, ஒரு கோபமும் இல்லாமல் பேசினான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க எழுதுனது தப்பில்ல பெரியம்மா. மூடணும்னுதான் நானும் நெனைக்கேன். உள்ள நிக்கவனுக்குத்தான தெரியும். ஆனா மூடலல்லா. மாத்தி வச்சாங்க, என்னையும் மாத்தி வச்சாங்க. அவ்வளவுதான்."

"அம்மா கால்?"

"அதான் பெரியம்மா."

சுப்புவுக்குச் சர்க்கரை. இரண்டு வருஷமாக இடது காலில் புண் ஆறவில்லை. கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதனால் செல்வராஜ் தினமும் காலையில் வெந்நீர் வைத்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். உள்ளூர்க் கடை கேட்டு அவன் கெஞ்சியது இதற்குத்தான். இப்போது அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறான். பஸ் மூன்று மாற வேண்டும். சுப்புவால் குனிய முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் சில நாள் கட்டிவிட்டாள், பிறகு அவளுக்கும் வேலை. ஆடி மாதத்தில் புண் உள்ளே போய், பெரியாஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

நான் ரயில் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். சங்கர் எடுத்துவிட்டான். செல்வராஜ் போனில், "அம்மா வர வேண்டாம்னு சொல்லுதா பெரியம்மா" என்றான். டிக்கெட்டைக் கேன்சல் செய்தோம்.

விரலைப் பற்றி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். நர்ஸ் அல்லவா, முகம் மாறியது. "தினமும் கழுவிக் கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு அவள் சபை பார்க்க ஏறி வருவதில்லை. முட்டி வலி என்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என் பெயரில், என் டெல்லி விலாசத்தில், அந்தத் துறைக்கு எழுதினேன். அந்த மனுவை எழுதியது நான், கையெழுத்தும் நான் போட்டது, என் தங்கைக்கு ஒன்றும் தெரியாது, என்னைக் காப்பாற்றவே ஆமாம் என்று சொன்னாள், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், அவள் மகனைப் பழைய ஊருக்கே அனுப்புங்கள். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். போலீஸ் வரும் என்று இரண்டு மாற்றுப் புடவையைக்கூடப் பையில் எடுத்து வைத்தேன். சங்கர் தலையில் அடித்துக்கொண்டான்.

போலீஸ் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. மனுதாரர் சம்பந்தப்பட்ட பகுதியில் வசிப்பவர் அல்ல என்பதால் மனு ஏற்கப்படவில்லை. நான் சொன்ன பொய்யைச் சட்டசபையில் படித்தார்கள். உண்மையைப் பிரித்துப் பார்க்கவும் ஆளில்லை.

இந்த வாரம் கூடிய சபையை அதனால்தான் விடாமல் பார்த்தேன். அந்த எம்.எல்.ஏ. எழுந்தால், கடை மூடப்படவில்லை, பின்வாசலுக்குத்தான் போயிருக்கிறது என்றாவது சொல்வார் என்று ஓர் ஆசை. அவர் எழுந்தார். நன்றி சொன்னார். தன் கோரிக்கையை ஏற்று உடனே நடவடிக்கை எடுத்ததற்கு அமைச்சருக்கு நன்றி. மேஜையைத் தட்டினார்கள். தீபாவளி வருகிறது, கடைகளில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் என் எண்ணம் மாறவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். கடை இருக்கக் கூடாது. அது பாவம்தான். பாவத்தை எடுக்கச் சொன்னால் பாவத்தை விட்டுவிட்டு மனிதர்களை எடுக்கிற சபையிடம் போய்க் கேட்டேனே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்பதற்கு வேறு இடம் இல்லை.

7

இவ்வளவும் எழுதி, தபால் உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் போன் அடித்தது. சுப்பு.

ஐந்து மாதம் கழித்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"எக்கா, தாளு இருக்கா பக்கத்துல?"

"இருக்கு."

"செல்வராச இங்கயே மாத்திக் கேட்டு ஒரு மனு எழுதணும். புதுசா வந்திருக்க மேனேசரு கொஞ்சம் எரக்கப்பட்டவரு மாரி தெரியிதாம். அடுத்த வெரலும் கறுத்துட்டு வருது."

"வேற யாரையாவது..." என்று இழுத்தேன்.

"வேற ஆரு இருக்கா எனக்கு? ஆமா, எம் பேருலதான் எழுதணும். ஒம் பேருல எழுதுனா ஆரு படிப்பா?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொன்னேன். அவள் ம் என்ற பிறகு எழுதினேன். வயது, நோய், விரல் எடுத்தது, ஒரே மகன். முன்பு கொடுத்த மனுவை வருத்தத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். கடையால் எங்கள் தெருவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று எழுதச் சொன்னாள். பேனா நின்றது.

"எழுதுனியா?"

"எழுதுறேன்."

எழுதினேன். பிறகு, "என் மகனை எங்கள் ஊர் மதுக்கடையிலேயே மீண்டும் பணியில் அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்து, முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடையும் குடியும் வேண்டாம் என்று இருபது வருஷம் சொல்லிவந்த வாயால் வாசித்தேன்.

சுப்பு முழுவதையும் கேட்டாள்.

"வெறச்சாப்புல இருக்குக்கா. நீ எப்பவும் எழுதுவியே, பாதம் பணிஞ்சுன்னு. அத விட்டுட்டியே. இன்னும் கொஞ்சம் கெஞ்சி எழுது."

கெஞ்சி எழுதினேன்.